ஏரோதுக்குக் கிடைத்த அரண்மனை

திரையில் என் வீட்டுக்காரர் முழந்தாளில் நின்றபடி அப்படியே உறைந்துபோனார். வாய் பாதி திறந்திருந்தது. ஒரு கை மேலே நீண்டிருந்தது. பின்னால் பழைய கல் வளைவு ஒன்று. வளைவின் மேல் இரண்டு வெள்ளைப் புறாக்கள் சிறகை விரித்தபடி நின்றுவிட்டன. அந்தப் புறாக்கள் அங்கே பறந்தவை அல்ல. வீடியோக்காரத் தம்பி கலியாண வீடியோக்களில் மாப்பிள்ளை பொம்பிளைக்கு மேலே பறக்கவிடுகிற புறாக்கள்.

டிவிடியை நிற்பாட்டச் சொன்னவர் பீற்றர் மாஸ்டர். கோயில் பேஸ்மென்ற் மண்டபத்தின் நடுவில் எழும்பி நின்று, மைக்கை வாங்கி, தட்டிப் பார்த்து, தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒரு சின்னக் கேள்வி."

பீற்றர் மாஸ்டரிடம் சின்னக் கேள்வி என்று ஒன்று கிடையாது. நான் ரோல்ஸ் தட்டோடு அவருடைய வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். வெளியே பெப்ரவரி மாதத்து மொன்றியல். உள்ளே ஈரச் சப்பாத்து மணமும் பொரித்த ரோல்ஸ் மணமும் ஒன்றாய்க் கலந்திருந்தன. கடைசி வரிசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல், எந்த நேரமும் எழும்பிப் போகிறவள் மாதிரி என் மகள் ஜெசிந்தா இருந்தாள். முன்வரிசையில் அவளுடைய அப்பா. அவர்கள் இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைத்து ஒன்றரை வருடமாகிவிட்டது.

மாஸ்டர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் என் மகள் அதற்கான பதிலை என்னிடம் குசினியில் சொல்லியிருந்தாள். அந்தக் காலத்தில் எனக்கு இருந்த ஒரே ஆசை, இந்த அப்பனும் மகளும் ஒரு தரமாவது நேரே கதைக்க வேண்டும் என்பது. அந்த ஆசையின் கழுத்தில் மாஸ்டர் கத்தியை வைக்கிறார் என்று நினைத்தேன்.

ஏன் என்று விளங்க, முதலில் ஏரோதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏரோதின் மனிசி

போன கிழமை இந்தப் பத்திரிகையில் என் முதல் பனிச்சப்பாத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு லவாலில் இருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார். நல்லாயிருந்தது என்றார். சந்தோசப்பட்டேன். பிறகு கேட்டார்: "நீங்கள் ஏரோதின்ரை மனிசியெல்லோ?"

கிழமைக்குக் கிழமை இந்தப் பக்கத்தில் என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஆனாலும் நான் ஏரோதின் மனிசிதான்.

என் வீட்டுக்காரரின் பெயர் மனுவேல். மன்னார்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் தவக்காலம் வந்தால் அருளப்பர் நாடகம் போடுவார்கள். யேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அருளப்பரை ஏரோது அரசன் சிறையில் போட்டு, விருந்தில் ஆடிய பெண் கேட்டாள் என்பதற்காகத் தலையை வெட்டித் தட்டில் வைத்துக் கொடுத்த கதை. இளந்தாரியாய் இருந்த காலம் தொட்டு இவர்தான் ஏரோது. உயரமும் மீசையும் தொண்டையும் இருந்தால் வேறு யாரைப் போடுவார்கள்?

கனடா வந்தும் அது விட்டுப்போகவில்லை. இவருக்கு வேலை பிளாஸ்ரிக் பை செய்கிற ஆலையில். கிழமை முழுக்க இவருக்கு மேலே ஒரு போர்மன், அவனுக்கு மேலே இன்னொருவன், அவனுக்கும் மேலே கண்ணாடி அறைக்குள் ஒருத்தி. வருடத்தில் ஒரு நாள் மட்டும் இவர் அரசன். அந்த ஒரு நாளுக்காக வருடம் முழுக்க மீசை வளர்ப்பார்.

ஏரோதின் மனைவி ஏரோதியாள். வேதாகமத்தில் அவளைப் போலப் பொல்லாத பொம்பிளை குறைவு. எனக்குக் கிடைத்த பட்டம் அது. அவளுடைய மகள்தான் தட்டில் தலை கேட்டவள். அதனால் ஞானோபதேச வகுப்பில் என் மகள் பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாள். பக்கத்துப் பெடியன் சாப்பாட்டுப் பெட்டி மூடியை அவளிடம் நீட்டி, "தலை எங்கை?" என்று கேட்டானாம்.

அந்த நாடகத்தில் அருளப்பர் வேறு யாருமில்லை, நம்முடைய பீற்றர் மாஸ்டர்தான். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். வருடம் தவறாமல் என் வீட்டுக்காரர் கையால் தலை இழந்தவர். அந்தக் கோபம் கடல் கடந்தும் தீரவில்லை. போதாக்குறைக்கு இந்தக் கியூபெக்குக்கே பாதுகாவலர் அருளப்பர். ஜூன் மாதம் அவருடைய திருநாளுக்கு மாகாணமே நீலக்கொடி பிடித்து லீவு எடுக்கும். அன்றைக்குக் கடைகளெல்லாம் தனக்காகத்தான் பூட்டியிருக்கின்றன என்கிற நடையோடு மாஸ்டர் எங்கள் பியர்ஃபொன் பகுதி முழுக்க உலாவுவார்.

மாஸ்டருடைய மகன் மருந்து படித்து, டொலார்ட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்கிறான். இதையும் நினைவில் வைத்திருங்கள்.

காதர் நானா கீறிய சீன்

நாடகம் என்றால் சீன் வேண்டும், அதாவது பின்னால் தொங்குகிற ஓவியத் திரை. எங்கள் ஊருக்கு ஏரோதின் அரண்மனைச் சீனைக் கீறித் தந்தவர் காதர் நானா. மன்னார் ரவுணில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற முஸ்லிம் மனிதர். நாடகம் பழக்கிய அண்ணாவியாரிடம், "ஏரோதுட அரண்மனை எப்படி இருக்கும்?" என்று கேட்டாராம். அண்ணாவியார் மட்டும் ஏரோதைக் கண்டவரா?

"அரண்மனை மாதிரித்தான் இருக்கும் நானா," என்றாராம்.

அவர் தனக்குத் தெரிந்த அரண்மனையைக் கீறினார். வளைவுக்குப் பக்கத்தில் வளைவு. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள், மாடத்துக்குள்ளே பூவேலை. மேலே உருண்டைக் கூரை. ஒருவருக்கும் குறை சொல்லத் தோன்றவில்லை. அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் அட்டைக் கிரீடத்தோடு போய் இருந்தால், ஏரோது அங்கேதான் பிறந்து வளர்ந்தான் என்று சத்தியம் செய்வோம். எங்கள் ஊர்ச் சனத்துக்கு ஏரோதின் அரண்மனை என்றால் அந்த வளைவுகளும் அந்த மாடங்களும்தான்.

பிறகு ஒரு நாள், சண்டைக் காலத்தில், முஸ்லிம் சனம் எல்லாரையும் வடக்கை விட்டுப் போகச் சொன்னது இயக்கம். காதர் நானாவும் குடும்பமும் கையில் தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சீன் எங்களிடமே இருந்தது.

இந்த இடம் வந்தால் எங்கள் ஆட்கள் பேச்சை மாற்றுவது வழக்கம். நானும் மாற்றுகிறேன். மொன்றியலில் நாடகம் தொடங்கியபோது அந்தச் சீனின் பழைய போட்டோ ஒன்றைத் தேடிப் பிடித்து, பெருப்பித்து, பிளாஸ்ரிக் துணியில் அச்சடித்துக்கொண்டார்கள். கலியாண மண்டபத்து வாசலில் தொங்குமே, அந்தத் துணி.

மருந்தும் மண்ணும்

எங்கள் மகளும் மருந்துதான் படிக்கப் போனாள். மாஸ்டரின் மகன் போன வழியில் தன் மகளும் போகிறாள் என்று இவருக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். இரண்டாம் வருடம் அவள் வந்து, தான் மாறிவிட்டதாகவும், இனித் தொல்லியல் படிக்கப் போவதாகவும் சொன்னாள்.

"அதென்ன கோதாரி?" என்றார் இவர்.

"பழைய காலத்து ஆக்கள் எப்பிடி இருந்தவை எண்டு, நிலத்தைக் கிண்டிப் பாக்கிறது அப்பா."

"மண் கிண்டுறதுக்குப் பல்கலைக்கழகமோ? ஊரிலை எங்களுக்குத் தோட்டம் இருந்தது. கொப்பாட்டன் சும்மா கிண்டினவர்."

அவள் இவருடைய மகள். திருப்பி ஒரு சொல்லும் சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் மெற்றோ ஓரமாய் ஒரு அறை எடுத்துப் போய்விட்டாள். அன்றைக்கு நின்றது பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாள். ஒரே மேசைதான். இவர் என்னைப் பார்த்துச் சொல்லுவார்: "அவளுக்கு இறைச்சி வேணுமோ எண்டு கேள்." அவளும் என்னைப் பார்த்துச் சொல்லுவாள்: "காணும் எண்டு சொல்லுங்கோ அம்மா." இடையில் நான் ரெலிபோன் எக்ஸ்சேஞ். என் சோறு ஆறிப்போகும்.

வெளியில் மட்டும் மகள் இன்னும் மருந்துதான் படிக்கிறாள். பிரஷர்க் குளிசை விசயமாய் அவளைக் கேட்க யாராவது தொலைபேசி எடுத்தால், "பிள்ளைக்குச் சோதினை," என்பார் இவர். அப்படிப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு வருடம் முழுக்கப் பரீட்சைதான்.

புறாக்களோடு ஒரு யாத்திரை

இந்த நிலைமையில்தான் எங்கள் கோயில் பங்கில் இருந்து திருநாட்டு யாத்திரை போனார்கள். நான் பிள்ளைகள் பராமரிக்கிற கார்டெறி ஒன்றில் சமைக்கிறேன். அவர்கள் எனக்கு லீவு தரவில்லை. ஆனால் டிவிடியை நான் பார்த்த தடவைகளுக்கு, போய்வந்த சனமே என்னிடம் வழி கேட்கலாம்.

யோர்தானில் இறங்கி, எல்லை கடந்து எருசலேம் போவதாய்த் திட்டம். எல்லையில் ஏதோ பிரச்சினை, ஒரு நாள் பிந்தும் என்றுவிட்டார்கள். அந்த ஒரு நாளை என்ன செய்வது? அம்மான் நகரத்து நடுவில் ஒரு கோட்டை மலை. பழைய காலத்து இடிபாடெல்லாம் அங்கே ஒன்றுக்குமேல் ஒன்றாய்க் கிடக்கின்றன. வழிகாட்டிப் பெடியன் அங்கே கூட்டிக்கொண்டு போனான்.

பாவம், அந்தப் பெடியன் நல்ல ஆங்கிலத்தில் எல்லாம் விளக்கமாய்ச் சொன்னான். வீடியோவில் அவன் வாய் அசைவது தெரிகிறது. கேட்க முடியாது, ஏனென்றால் வீடியோக்காரத் தம்பி அந்த இடத்தில் மேளம் போட்டிருக்கிறான். அன்றைக்கும் அவனை ஒருவரும் கேட்கவில்லை. வெயிலுக்கு ஒதுங்க நிழல் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மலை உச்சியில் பெரிய கல் மண்டபம் ஒன்று. என் வீட்டுக்காரர்தான் முதலில் உள்ளே போனார். போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சுவர் முழுக்க வரிசை வரிசையாய்ச் சின்ன மாடங்கள். மாடத்துக்குள்ளே பூவேலை. வளைவுகள். மேலே உருண்டைக் கூரை.

"இஞ்சை ஓடி வாருங்கோ!" என்று கத்தினார். "இது ஏரோதின்ரை அரண்மனை!"

எங்கள் ஊர்ச் சனம் உள்ளே வந்து பார்த்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. "ஓமப்பா! அதே வளைவு! அதே மாடம்!" என்று திரேசா அக்கா நெஞ்சில் கைவைத்து அழுதா. கூடப்போன ஃபாதர் தமிழ்நாட்டுக்காரர், சின்ன வயது, எங்கள் சீனைக் கண்டவர் அல்ல. ஆனால் அவர் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பாருங்க, கட்டடமே சிலுவை வடிவத்துல இருக்குதுங்க," என்றார். பிறகென்ன? முழந்தாளில் விழுந்து செபமாலை தொடங்கிவிட்டார்கள். வழிகாட்டிப் பெடியன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாய் நிற்கிறான். இந்தச் சனத்துக்கு என்ன வந்தது என்று அவன் முகத்தில் எழுதியிருக்கிறது.

செபமாலை முடிய, என் வீட்டுக்காரர் ஏரோதின் வரவுப் பாட்டை எடுத்தார்.

வாயிலில் நில்லடா வனத்து மனிதா – என்
வாளுக்குன் கழுத்து வழக்கமடா!

அந்தக் கூரைக்குக் கீழே அவருடைய குரல் உருண்டு உருண்டு வந்தது. பாட்டை நடுவில் விட்டார். அப்படியே முழந்தாளில் விழுந்து, கையை உயர்த்தி, "அருளப்பரே, எத்தினை வருசம் உம்மடை தலையை வெட்டினனான், என்னை மன்னியும்," என்று அழுதார். புறாக்கள் பறந்தன. ரோசாப்பூ இதழ்களும் கொட்டின. அதுவும் கலியாண வீடியோச் சாமான்தான்.

திரும்பி வந்த பிறகு இவர் வேறு ஆள். அரண்மனையைக் கண்டுபிடித்த மனுவேல் அண்ணை. லவாலுக்குக் கூப்பிட்டார்கள். ரொறன்ரோவில் இருந்துகூடக் கூப்பிட்டார்கள். டிவிடியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார். ஆலையில் போர்மன்கூட ஒரு நாள் அரண்மனைக் கதையைக் கேட்டானாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து அதை எனக்குச் சொன்னார். எனக்கு அது நல்ல சந்தோசம். மனிசன் நிமிர்ந்து நடந்ததை நான் கன காலத்துக்குப் பிறகு கண்டேன்.

ரோல்ஸ் சுற்றிய காலை

எங்கள் பங்கில் பெரிய திரையில் போடுகிற நாள் வந்தது. ரோல்ஸ் சுற்ற ஆளில்லை என்று பொய் சொல்லி மகளைக் காலமையே வரப்பண்ணினேன். ஒரே மண்டபத்தில் இருந்தால் ஏதாவது கதைக்க மாட்டார்களா என்ற நப்பாசை.

இவர் குளியலறையில் மீசைக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். ரீவியில் டிவிடி ஓடிக்கொண்டிருந்தது, சரியாய் வேலை செய்கிறதா என்று பார்க்கவாம். ஜெசிந்தா கையில் மாவோடு போய் நின்று பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, இது ஏரோதின்ரை இல்லை."

"என்னடி சொல்லுறாய்?"

"இது உமையா கலீபாக்களின்ரை காலம். இஸ்லாம் வந்து முதல் நூறு வருசத்துக்குள்ளை கட்டத் தொடங்கின மாளிகைகளிலை ஒண்டு. எங்களுக்கு இதிலை சோதினையே வந்தது. ஏரோதுக்கும் இதுக்கும் எழுநூறு வருச வித்தியாசம் அம்மா."

நான் கதவைப் பார்த்தேன். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அதுக்குப் பக்கத்திலை உண்மையான பழைய கிறிஸ்தவக் கோயில் ஒண்டு உடைஞ்சு கிடக்கு. அதின்ரை தூணிலை இருந்துதான் திரேசா அன்ரி முறுக்குச் சாப்பிடுறா. வீடியோவிலை பாத்தீங்களோ?"

பார்த்திருக்கிறேன். பல தரம் பார்த்திருக்கிறேன்.

"கொப்பர் மூண்டு மாதமாய்த்தான் நிமிந்து நடக்கிறார்," என்றேன். "வாயைத் திறந்தியோ, தெரியும்."

அவள் கையில் இருந்த மாவைக் கழுவினாள். பிறகு சொன்னாள்: "நானாய்ச் சொல்லமாட்டன். ஆனா ஆரும் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டன். அம்மா, கோடையிலை எங்கடை வகுப்பிலை சில பேரை யோர்தானுக்குக் கிண்டக் கூட்டிக்கொண்டு போயினம். என்னையும் எடுத்திருக்கினம். அப்பாட்டைச் சொல்லாமல் போக எனக்கு விருப்பமில்லை."

"நான் சொல்லிவிடுறன்."

"நீங்கள் இல்லை. நான் சொல்லவேணும்."

அழுகை வந்தது எனக்கு. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆர் கேட்கப் போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பீற்றர் மாஸ்டர் வீட்டில் அண்மையில்தான் இன்ரநெற் இழுத்தார்கள் என்பதை மறந்துபோனேன்.

எழுநூறு வருடம்

"என்ரை கேள்வி என்னெண்டால்," என்றார் மாஸ்டர், "உது ஏரோதின்ரை அரண்மனை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, மனுவேல்?"

"சொல்லவேணுமே? பாக்கத் தெரியுதுதானே," என்றார் இவர்.

"எனக்குத் தெரியேல்லை. நான் இன்ரநெற்றிலை பாத்தனான். உது முஸ்லிம் ராசாக்கள் கட்டினது. ஏரோது செத்து எழுநூறு வருசத்துக்குப் பிறகு."

மண்டபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். "அப்ப நாங்கள் சொன்ன செபமாலை?" என்றது ஒரு குரல். "சோனகற்றை அரண்மனையிலையோ முழந்தாளிலை நிண்டனாங்கள்?" என்றது இன்னொரு குரல். திரேசா அக்கா எழும்பியே விட்டா. அந்த அரண்மனையில் மன்றாடித்தான் தன்னுடைய முழங்கால் வலி போனது என்று மூன்று மாதமாய்ச் சாட்சி சொல்லிவருகிறவ.

"அப்ப என்ரை முழங்கால்? அதுக்கு என்ன சொல்லுறியள்?"

ஏரோதின் அரண்மனை என்றாலும் அது அருளப்பரைக் கொன்றவன் வீடுதானே, அங்கே போய் ஏன் சுகம் கேட்டீர்கள் என்று அவவை ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் ஃபாதரைப் பார்த்தார்கள்.

"ஜெபம் எங்க சொன்னாலும் ஜெபம்தாங்க," என்றார் ஃபாதர். சொல்லிவிட்டு என் தட்டில் இருந்து ஒரு ரோல்ஸை எடுத்து, கவனமாய்ச் சாப்பிடத் தொடங்கினார். செபமாலையைத் தொடக்கிவைத்தவர் அவர்தான்.

மாஸ்டர் மைக்கை விடவில்லை. "எனக்கேன் வம்பு? மருந்தை விட்டிட்டு மனுவேலின்ரை மகள் உந்தச் சரித்திரத்தைத்தானே படிக்கிறா, என்ரை மகன் சொன்னவன். பின்னாலை இருக்கிறா. அவவையே கேளுங்கோவன்."

தலைகள் எல்லாம் திரும்பின. "அந்தப் பிள்ளை மருந்தெல்லோ படிக்குது?" என்று பக்கத்தில் ஒருத்தி முணுமுணுத்தா. என் வீட்டுக்காரர் மட்டும் திரும்பவில்லை. பின்கழுத்து சிவந்து போயிருந்தது. அரண்மனையும் போய், மருந்தும் போய், எல்லாம் ஒரே அடியில் போயிற்று. மாஸ்டரை அந்தத் தட்டாலேயே அடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஏரோதியாள் செய்ததில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்குமோ என்றுகூட யோசித்தேன்.

ஜெசிந்தா எழும்பி வந்தாள். சப்பாத்து ஈரத்தில் கீச்சிட்டது. மைக்கை வாங்கினாள்.

"மாஸ்டர் சொல்லுறது சரி," என்றாள். "அது உமையாக்கள் காலத்து மாளிகை. அப்பா பிழை."

மைக்கை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

"ஆனா, வீடியோவை ஏன் நிப்பாட்டினீங்கள்? மிச்சத்தையும் போடுங்கோ."

வீடியோக்காரத் தம்பி பட்டனை அமத்தினான். புறாக்கள் பறந்தன. திரையில் என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, யாரோ அவரிடம் "ஏரோது எதிலை இருந்திருப்பான்?" என்று கேட்க, கையை வீசி மறுக்கிறார்.

"சீச்சீ, ராசா உதுக்குள்ளை இருக்கமாட்டான். உது ஆக்களைக் காக்கவைக்கிற இடம். வந்தவன் உந்த வளைவுகளைப் பாத்துப் பாத்துப் பயப்பிடவேணும். பேந்து கூப்பிட்டு, நீட்டுக்கு நடக்கவிட்டு, அங்கை கடைசியிலைதான் ராசா இருப்பான்." திரையில் அவர் மண்டபத்தின் மறுபக்க வாசலால் வெளியே, வெயிலில் கிடக்கிற கல்வீதியின் மற்ற முனையைக் காட்டுகிறார்.

"சிம்மாசன மண்டபம் அங்கைதான் இருந்தது," என்றாள் ஜெசிந்தா. "இது மட்டும் சரி. ராசாதான் பிழை."

இரண்டொருவர் சிரித்தார்கள். அவள் மைக்கை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். போகப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கும் வரமாட்டாள்.

அப்போது என் வீட்டுக்காரர் எழும்பித் திரும்பினார். மீசையைத் தடவினார். முகத்தில் கோபம் இருந்ததா வெட்கம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பிள்ளை, அப்ப அங்கை ஆர் இருந்தது?"

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. கேட்டுச் சொல்லு என்றும் சொல்லவில்லை. அவளை, அவளுடைய முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

அவளும் என்னைப் பார்க்கவில்லை. "கலீபாவின்ரை ஆளுநர் ஒருத்தர் அப்பா. பேர் சரியாய்த் தெரியாது. கட்டிக் கொஞ்சக் காலத்திலை பூமியதிர்ச்சி வந்து எல்லாம் விழுந்திட்டுது."

"பேரே தெரியாதோ? அவ்வளவு பெரிய வீடு கட்டினவன்ரை?"

"இன்னும் தெரியாது. அதுக்குத்தான் கிண்டுறது."

"எப்ப கிண்டப் போறியள்?"

"கோடையிலை. நானும் போறன் அப்பா."

நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு விக்கி விக்கி அழுதேன். மண்டபத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களுக்கு அது சரித்திரக் கேள்வி. திரேசா அக்கா வந்து என் தோளைப் பிடித்தா.

"விடு தங்கச்சி. எழுநூறு வருசமெல்லாம் ஒரு வித்தியாசமே?"

காரில்

வீட்டுக்குப் போகும்போது நான் பின்னால் ஏறிக்கொண்டு மகளை முன்னால் இருத்தினேன். பனி கொட்டியது. முன்னால் பனி வழிக்கிற லொறி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதை முந்தவும் முடியாது. அப்பன் லொறியைப் பார்த்தார், மகள் ஜன்னலைப் பார்த்தாள். திரும்பவும் எக்ஸ்சேஞ் திறக்க வேண்டிவருமோ என்று பயந்தேன்.

பிறகு அவர் சொன்னார்: "அப்ப காதர் நானா சரியாய்த்தான் கீறியிருக்கிறார். தன்ரை ஆக்களின்ரை அரண்மனையைத்தான் கீறித் தந்தவர். நாங்கள் கொண்டுபோய் அதுக்குள்ளை ஏரோதை இருத்திப்போட்டம்."

"ஆர் காதர் நானா?" என்றாள் மகள்.

வழக்கமாய் இந்த இடத்தில்தான் பேச்சை மாற்றுவோம். நான் வாயைத் திறந்தேன், பனியைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று. அவர் என்னை விடவில்லை. காதர் நானாவைச் சொன்னார். தூரிகை பிடிக்கிற இடது கையைச் சொன்னார். நாடகத்தன்று முன்வரிசையில் இருந்து தன் சீனையே பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். அவர்களைப் போகச் சொன்ன நாளையும் சொன்னார்.

"எங்கடை வீட்டு வாசலாலைதான் நடந்து போனவர். நான் உள்ளுக்கை நிண்டனான். வெளியிலை வரேல்லை."

இத்தனை வருடம் கூட இருந்த எனக்கே அவர் சொல்லாத விசயம் அது. ஜெசிந்தா அவருடைய கையுறையைக் கழற்றி, தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் வெறுங்கையோடு கார் ஓட்டினார்.

வாய்க்கால்

அந்த வருடத் தவக்கால நாடகத்துக்கு முன்னர், சீனை மாற்ற வேண்டும் என்று மாஸ்டர் பிரேரணை கொண்டுவந்தார். உரோமர் காலத்துத் தூண்கள் இரண்டைப் போட்டு ஒரு படமும் கொண்டுவந்தார். சனம் பார்த்தது. "இதென்ன, பாங்க் மாதிரிக் கிடக்கு," என்று தள்ளிவிட்டது. ஏரோதுக்குப் பழைய அரண்மனையே நிலைத்தது. நாடகம் தொடங்க முன்னம் என் வீட்டுக்காரர் கிரீடத்தோடு திரைக்கு வெளியே வந்து மைக்கில் சொன்னார்: "சீன் கீறினவர், மன்னார் காதர் நானா." முன்வரிசைகளில் பழைய ஆட்கள் சிலர் குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டரின் தலை அந்த முறை கொஞ்சம் பலமாகவே வெட்டுப்பட்டது.

கோடை வந்தது. மகள் போனாள். முதல் தொலைபேசி வந்தபோது என்னைத் தள்ளிவிட்டு இவர் எடுத்தார்; நான் ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்தேன்.

"பிள்ளை, சிம்மாசனம் கிடைச்சுதோ?"

"இல்லை அப்பா. என்ரை குழியிலை ஒரு வாய்க்கால்தான் வந்தது."

"என்ன வாய்க்கால்?"

"கக்கூஸ் வாய்க்கால். மாளிகையிலை இருந்து போறது."

இவர் ரிசீவரை இறுக்கிப் பிடித்தார். மருந்தை விட்டு, வெள்ளைக் கோட்டை விட்டு, கடல் கடந்து போய்க் கக்கூஸ் வாய்க்கால். மனிசன் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் சிலுவை அடையாளம் போட்டேன்.

"நல்லாய்க் கட்டியிருக்கிறாங்களோ?" என்று கேட்டார்.

"நல்ல வடிவாய்க் கட்டியிருக்கிறாங்கள் அப்பா."

அடுத்த ஞாயிறு அருளப்பர் திருநாளுக்குக் கிட்ட வந்தது. பூசை முடிந்து எல்லாரும் கோயில் முற்றத்தில் வெயில் காய்ந்துகொண்டு நின்றோம். வீதியெல்லாம் நீலக்கொடி. பீற்றர் மாஸ்டர் தன் திருநாள் நடையோடு வந்தார். மகனும் கூட வந்திருந்தான்.

"என்ன மனுவேல், மகள் மண் கிண்டப் போட்டாவாம். ஏதும் கிடைச்சுதோ?"

என் வீட்டுக்காரர் மீசையை முறுக்கினார். நாடகத் தொண்டையை எடுத்தார்.

"ஓம் மாஸ்டர். என்ரை மகள் ராசாவின்ரை கக்கூஸையே கண்டுபிடிச்சிட்டாள். உங்கடை மகன் இன்னும் தலையிடிக் குளிசைதானே விக்கிறான்?"